கொட்டாஞ்சேனைச் சந்திகளும் கணினி வரையும் பல்கோணிகளும்

எந்த வீதியை ஒருவழிப் பாதையாக்குவது, எந்தச் சந்தியில் சமிக்ஞை விளக்கைப் பொருத்துவது, எந்த மூலையிலிருந்த பாதசாரிக் கடவையை இடம் மாற்றுவது என்பன போன்ற தீர்மானங்கள் ஒரு காலத்தில் போக்குவரத்துப் பொலிஸாரின் அனுபவத்தையும் மாநகர சபைப் பொறியியலாளரின் மதிப்பீட்டையும் மாத்திரமே சார்ந்திருந்தன. இன்று நிலைமை வேறு. வீதியொன்றில் கைவைப்பதற்கு முன்னர் அதனைக் கணினிக்குள் அமைத்து, கற்பனை வாகனங்களை அதில் ஓடவிட்டு, நெரிசல் குறைகின்றதா கூடுகின்றதா எனப் பரீட்சித்துப் பார்க்கும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றி விட்டது. எமது நாட்டிலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் முதலானவற்றில் போக்குவரத்துப் பொறியியல் பயிலும் மாணவர்கள் இத்தகைய ஒப்புருவாக்க மென்பொருட்களைக் கையாண்டு வருகின்றனர்.

இவ்வாறான பரீட்சிப்பின் பெறுபேறாகப் பொதுமக்கள் முன் வைக்கப்படுவது பெரும்பாலும் திரையில் நகர்ந்து செல்லும் வண்ணப் பெட்டிகளேயாகும். பெட்டிகள் தடையின்றி நகர்ந்தால் திட்டம் நல்லதென்றும் அவை சிவப்பாகித் தேங்கி நின்றால் திட்டம் கூடாதென்றும் பார்ப்பவர் மனதில் பதிந்துவிடுகின்றது. அப்பெட்டிகள் எந்த வடிவத்தின் மீது நகர்கின்றன, அந்த வடிவத்தை வரைந்தவர் யார், அதனை அவர் எமது வீதியைப் பார்த்து வரைந்தாரா அல்லது மென்பொருள் தானாகத் தந்ததை அப்படியே ஏற்றுக்கொண்டாரா என்பதை வினவுவோர் அரிது. கொட்டாஞ்சேனை போன்ற பழைமைமிக்க, நெருக்கமான பகுதியைப் பொறுத்தவரையில் இவ்வினாக்கள் மிக முக்கியமானவை என நாம் கருதுகின்றோம். சந்தியின் வடிவத்தில் ஏற்படும் சில மீற்றர் வித்தியாசம் பாடசாலைப் பிள்ளையொன்று வீதியைக் கடக்கக் காத்திருக்கும் நேரத்தை மாற்றிவிட வல்லது. அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை வாசகர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போக்குவரத்து ஒப்புருவாக்கம் இருவகைப்படும். நகர் முழுவதையும் எடுத்துக்கொண்டு, எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு எத்தனை பேர் பயணம் செய்கின்றனர் எனக் கணிப்பது ஒருவகை. ஜப்பானிய சர்வதேச ஒத்துழைப்பு முகவரகத்தின் உதவியுடன் மேற்கொள்ளப்பட்டு 2014ஆம் ஆண்டில் நிறைவுற்ற 'கொம்ட்ரான்ஸ்' என்னும் கொழும்புப் பெருநகரப் போக்குவரத்து ஆய்வு நகரளாவிய திட்டமிடலுக்கு ஓர் உதாரணமாகும். இத்தகைய பெரும் ஆய்வுகளில் சந்தி என்பது பொதுவாகக் கோடுகள் கூடுகின்ற ஒரு புள்ளியே. மற்றைய வகையில் ஒவ்வொரு வாகனமும் தனித்தனியே கணிக்கப்படுகின்றது. முன்னால் செல்லும் வாகனத்துக்கும் தனக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்து அது வேகத்தைக் கூட்டும், குறைக்கும், நிற்கும். ஜேர்மனியில் வீடெமன் 1974இல் வகுத்த விதியையும் கிரவுஸ் 1998இல் வகுத்த விதியையும் இன்றைய பிரபல மென்பொருட்கள் அடிப்படையாகக் கொண்டுள்ளன. முன்னதை 'விஸ்ஸிம்' என்னும் வர்த்தக மென்பொருளும், பின்னதை ஜேர்மன் விண்வெளி ஆய்வு நிலையம் உருவாக்கி எவரும் இலவசமாகப் பயன்படுத்த விட்டுள்ள 'சுமோ'வும் பின்பற்றுகின்றன. வறிய நாடுகளின் பல்கலைக்கழகங்களில் சுமோ பெரிதும் விரும்பப்படுவதற்கு அதன் இலவசத் தன்மை முக்கிய காரணமாகும். எனவே சுமோவையும், அதனுடன் வரும் 'நெட்எடிட்' என்னும் வீதி திருத்தும் கருவியையும் முன்வைத்தே மேற்கொண்டு எழுதுகின்றோம்.

கணினிக்குள் கொட்டாஞ்சேனை எவ்வாறு நுழைகின்றது? எவரும் நாடாவுடன் வீதியில் இறங்கி அளந்து உள்ளிடுவதில்லை. 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆரம்பிக்கப்பட்டு, உலகெங்குமுள்ள தொண்டர்களால் வரையப்பட்டு வரும் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்' என்னும் பொதுவரைபடத்திலிருந்து வேண்டிய பகுதி வெட்டியெடுக்கப்படுகின்றது. அவ்வரைபடத்தில் வீதி என்பது அகலமற்ற ஒரு கோடு. ஜம்பட்டா வீதியும் ஒரு கோடு; ஆமர் வீதியும் ஒரு கோடு. மாற்றும் மென்பொருள் அக்கோட்டுக்கு எத்தனை தடங்கள் உண்டெனப் பார்த்து, அகலம் குறிக்கப்படாதவிடத்துத் தடமொன்றுக்கு 3.2 மீற்றர் என வைத்துக்கொள்கின்றது. நடைபாதையை விழுங்கி நிற்கும் கடைப்பலகைகளோ, ஓரத்தில் நிரையாக நிற்கும் முச்சக்கர வண்டிகளோ, பாதி வீதியை அடைத்துப் பொருள் இறக்கும் லொறியோ அக்கோட்டில் இல்லை.

கோடுகள் கூடுமிடத்தில் மென்பொருள் ஒரு பல்கோணியைத் தானாக வரைகின்றது. சந்திக்கு வந்துசேரும் ஒவ்வொரு வீதியின் இரு விளிம்புகளையும் நீட்டி, அவை ஒன்றையொன்று வெட்டும் இடங்களைக் கண்டு, மூலைகளுக்குச் சிறு வளைவு கொடுத்து, அவற்றை இணைத்தால் கிடைப்பதே அப்பல்கோணி. வேறு கட்டளை இல்லாதவிடத்து மூலை வளைவின் ஆரை 4 மீற்றர். இரண்டு நேர்வீதிகள் செங்கோணத்தில் வெட்டும் சந்தியாயின் இக்கணக்கு மிக நேர்த்தியாக அமையும். கறுவாத்தோட்டத்தின் அகன்ற வீதிகளில் இதற்குப் பெரிய இடர்ப்பாடில்லை. கொட்டாஞ்சேனையில்தான் சிக்கல் ஆரம்பமாகின்றது.

இங்குள்ள சந்திகள் எந்தப் பொறியியலாளரின் வரைபலகையிலும் பிறந்தவையல்ல. ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்பெண்டால் தேவாலயம் மேட்டின் மீது நிற்க, அதனைச் சுற்றி ஒழுங்கைகள் வளைந்தன. (அம்மேட்டில் திரிந்த நரிகளை ஓநாய்கள் என ஒல்லாந்தர் எண்ணியதால் 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' எனப் பொருள்படும் இப்பெயர் வந்ததாகக் கூறுவர்.) சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரையான காலத்தில் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் ஆலயமும், புனித லூசியாள் பேராலயமும், கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலமும், சோனகத் தெருக்களின் பள்ளிவாசல்களும் தத்தம் இடத்தில் நிலைபெற, வீதிகள் அவற்றுக்கு இடம்விட்டு ஒதுங்கிச் சென்றன. மாட்டு வண்டிக்கும் கைவண்டிக்கும் போதுமான வளைவுகள் அவை. பின்னர் கிராண்ட்பாஸ் வரை டிராம் வண்டி ஓடியது. 1960இல் அது நின்றது. துறைமுகம் வளர்ந்தது; கொள்கலன் லொறிகள் வந்தன. வீதிகள் மாத்திரம் பெரும்பாலும் பழைய போக்கிலேயே கிடக்கின்றன. ஆகவே இப்பகுதியில் செங்கோணச் சந்தியைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். சாய்ந்து வந்து சேர்வனவும், ஒரு வீதி சந்தியை அடைந்தபின் எதிர்ப்புறத்தில் சிறிது தள்ளித் தொடர்வனவும், மூன்று நான்கு ஒழுங்கைகள் ஒரே முற்றத்தில் வாய்திறப்பனவுமே அதிகம்.

வீதி சிறிது தள்ளித் தொடரும் சந்தியை எடுத்துக்கொள்வோம். பிரதான வீதியின் இடப்புறத்தில் ஓர் ஒழுங்கையும், அதிலிருந்து 15 மீற்றர் தள்ளி வலப்புறத்தில் இன்னோர் ஒழுங்கையும் வந்து சேர்கின்றன எனக் கொள்க. அங்கே வசிப்போருக்கு அது ஒரே சந்தி. அதற்கு ஒரே பெயர். அங்கு நிற்கும் பொலிஸ்காரரும் ஒருவரே. வரைபடத்துக்கோ அவை இரண்டு வெவ்வேறு கணுக்கள். அருகருகே உள்ள கணுக்களை ஒன்றாக்கும் வசதி மாற்றும் மென்பொருளில் உண்டாயினும், அதன் வழமையான எல்லை 10 மீற்றர். 15 மீற்றர் தள்ளி நின்றால் அது அவற்றைத் தொடாமல் விட்டுவிடும்.

விட்டுவிட்டால் என்ன நேர்கின்றது? இரண்டு கணுக்களுக்கும் தனித்தனிப் பல்கோணிகள் வரையப்பட்டு, இடையில் எஞ்சுவது சில மீற்றர் நீளமான ஒரு துண்டு வீதி. நாற்பது அடிக் கொள்கலன் ஒன்றின் பெட்டி மாத்திரமே ஏறத்தாழ 12.2 மீற்றர்; இழுவைப் பகுதியையும் சேர்த்தால் 16 மீற்றர் வரை செல்லும். அந்தத் துண்டு வீதியில் அது அடங்காது. முன்பகுதி ஒரு சந்தியிலும் வால் மற்றைய சந்தியிலும் கிடக்க, இரண்டும் அடைபடும். இரு கணுக்களுக்கும் மென்பொருள் தனித்தனியே சமிக்ஞை விளக்கு வைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒன்று பச்சையாகும் வேளையில் மற்றையது சிவப்பாகி, நிஜத்தில் இல்லாத நெரிசலொன்று திரையில் தோன்றும். அதனைக் காட்டி, 'இவ்வொழுங்கையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும்' என எவரும் வாதிடலாம். நெரிசல் வீதியில் பிறந்ததா வரைபடத்தில் பிறந்ததா என்பதை அறியாத மக்கள் தமது ஒழுங்கையை இழப்பர்.

இதற்கு மாற்றாக இரு கணுக்களையும் தெரிவுசெய்து நெட்எடிட்டில் ஒன்றாக இணைத்துவிடலாம். சில விசைகளை அழுத்தினால் போதும். இணைத்தபின் கணினி அச்சந்திக்கு இரண்டு பழைய இலக்கங்களையும் ஒட்டி ஒரு நீண்ட பெயரைச் சூட்டும். மக்கள் சந்திகளுக்கு விளக்கின் பெயரையும் மரத்தின் பெயரையும் கடையின் பெயரையும் வைத்து அழைத்தார்கள். கணினி இலக்கங்களின் மாலையை அணிவிக்கின்றது. அது போகட்டும். இணைத்ததும் பல்கோணி பெருத்துவிடுகின்றது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. சாய்வான மூலைகள் நீண்ட கொம்புகளாக வெளியே நீளும். சில வேளைகளில் பல்கோணியின் பக்கங்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு முறுக்கிக்கொள்ளும். நடைபாதையாக இருக்க வேண்டிய இடமும், ஆலய முகப்பும் கூடச் சந்தியின் வயிற்றுக்குள் போய்விடலாம்.

இந்நிலையில்தான் கைத்திருத்தம் தேவைப்படுகின்றது. நெட்எடிட்டில் சந்தியைத் தெரிவுசெய்து அதன் வடிவத்தைத் திருத்தும் கட்டளையைக் கொடுத்தால், பல்கோணியின் உச்சிகள் ஒவ்வொன்றும் பிடித்து இழுக்கத்தக்க புள்ளிகளாகத் தோன்றும். புள்ளிகளை உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம், புதிதாகச் சேர்க்கலாம், நீக்கலாம். செய்மதிப் படத்தைப் பின்னணியில் வைத்துக்கொண்டு நடைபாதை விளிம்பின் மீது புள்ளிகளைப் பொருத்துவது சிறந்த முறை. சேமித்ததும் அவ்வடிவம் கையால் வரையப்பட்டதென மென்பொருள் குறித்துக்கொள்ளும். அதன்பின் வலையமைப்பை மீளக் கணித்தாலும் அந்தப் பல்கோணியை அது தன்னிச்சையாக மாற்றாது. திருத்தம் பிழைத்துப் போனால் பழைய கணிப்புக்குத் திரும்பும் கட்டளையும் உண்டு. படம் வரையத் தெரிந்த பள்ளி மாணவனும் ஒரு மணி நேரத்தில் இதனைக் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளக் கடினமானது, தான் இழுக்கும் புள்ளி வீதியில் யாருடைய காலடியில் விழுகின்றது என்பதே.

ஏனெனில் பல்கோணி வெறும் நிறப்பூச்சன்று. வாகனம் வந்து நிற்கும் கோடு அதன் விளிம்பிலேயே அமைகின்றது. பல்கோணி பெருத்தால் நிறுத்தற்கோடு பின்னோக்கிச் செல்லும், வீதி குறுகும், அதில் வரிசையாக நிற்கக்கூடிய வாகனங்களின் எண்ணிக்கை குறையும். சந்தியினுள்ளே ஒரு வாயிலிலிருந்து மற்றைய வாயிலுக்குச் செல்லும் பாதைகளும் பல்கோணியின் விளிம்பிலிருந்தே தொடங்கி விளிம்பிலேயே முடிகின்றன. ஆகவே அப்பாதைகளின் நீளமும் வளைவும் மாறுகின்றன.

வளைவு மாறினால் வேகம் மாறும். திரும்பும் வாகனத்தின் பக்கவாட்டு ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 5.5 மீற்றரைத் தாண்டலாகாது என்பது சுமோவின் வழமையான ஏற்பாடு. இந்த எண்ணை வளைவின் ஆரையால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் திரும்பும் வேகம் கிடைக்கும். ஆரை 6 மீற்றராயின் வேகம் மணிக்குச் சுமார் 21 கிலோமீற்றர். மூலைப் புள்ளியை வெளியே இழுத்து ஆரையை 15 மீற்றராக்கினால் வேகம் மணிக்குச் சுமார் 33 கிலோமீற்றராக உயரும். திரையில் வாகனங்கள் விரைவாகத் திரும்பிச் செல்வதைக் காண்பவர் திட்டம் வெற்றி என எண்ணுவார். அந்த மூலையில் நிஜத்தில் ஒரு பழைய கட்டடத்தின் சுவர் நிற்கலாம். இல்லாவிட்டால், திட்டத்தை நிஜமாக்குவதற்காக மூலையை உண்மையிலேயே வெட்டி அகலமாக்க நேரிடும். அப்போது 33 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பும் வாகனத்தின் முன்னால் நிற்பவர் யார் என்ற வினா எழும்.

மூலை அகன்றால் கடப்பவரின் தூரமும் கூடும். 10 மீற்றர் அகல வாயிலைச் செக்கனுக்கு 1.2 மீற்றர் வேகத்தில் நடப்பவர் சுமார் 8 செக்கனில் கடப்பார். மூலைகள் வெட்டப்பட்டு அவ்வாயில் 16 மீற்றராகிவிட்டால் அவருக்கே 13 செக்கனுக்கு மேல் தேவை. செக்கனுக்கு 0.8 மீற்றர் வேகத்தில் நடக்கும் முதியவர் ஒருவருக்கு முன்னர் 12 செக்கனுக்குச் சற்று மேல். இப்போது 20 செக்கன். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் திருத்தலத்துக்கு வருவோரில் இந்த வேகத்துக்கு மேல் நடக்க இயலாதவர்கள் எத்தனை பேர் என்பதை அவ்விடத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தாலே அறியலாம்.

சமிக்ஞை விளக்கின் கணக்கும் இந்தப் பல்கோணியிலிருந்தே தொடங்குகின்றது. ஒரு திசைக்குச் சிவப்பு விழுந்த பின்னர், ஏற்கெனவே உள்ளே நுழைந்த வாகனம் வெளியேறும்வரை மற்றைய திசைக்குப் பச்சை கொடுக்க முடியாது. இவ்வாறு வீணாகும் செக்கன்களை இழந்த நேரம் என்பர். பிரித்தானிய வீதி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர் 1958இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பாடநூல்களில் உள்ளது. இழந்த நேரத்தை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டி, அதனை ஒன்றிலிருந்து சந்தியின் சுமையைக் கழித்த மிகுதியால் வகுத்தால், விளக்கு ஒருமுறை சுற்றிவர வேண்டிய உகந்த நேரம் கிடைக்கும் என்பது அதன் சாரம். சுமை 0.75 எனவும், இழந்த நேரம் 12 செக்கன் எனவும் கொண்டால் விடை 92 செக்கன். இப்போது சந்தியின் பல்கோணியை ஒவ்வொரு திசையிலும் 12 மீற்றர் நீளமாக வரைந்துவிட்டோம் எனக் கொள்க. செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் வெளியேறும் வாகனத்துக்கு மேலதிகமாக 2 செக்கன் தேவை. நான்கு கட்டங்களுக்கும் சேர்த்து 8 செக்கன். இழந்த நேரம் 20 செக்கனாகின்றது. சூத்திரத்தின் விடை 140 செக்கன்! சுட்டியைச் சற்றே இழுத்ததன் விளைவாக, விளக்கின் சுற்று முக்கால் நிமிடத்துக்கு மேல் நீண்டுவிட்டது. காலை 7.30 மணிப் பாடசாலை மணிக்கு முன்னர் வீதியைக் கடக்க நிற்கும் பிள்ளையும், முதியவரும், சுமை தூக்கும் நாட்டாமையும் அந்த நேரத்தைத் தம் காலில் நின்று செலுத்துகின்றனர். பொறுமை இழந்து இடையில் ஓடுபவர்களும் உண்டு. விபத்துகள் அங்கேதான் பிறக்கின்றன.

பாதசாரி கணக்கிலேயே இல்லாமல் போவதும் நேரலாம். வரைபடத்தை வலையமைப்பாக மாற்றும்போது நடைபாதையையும் கடவையையும் உருவாக்குமாறு தனியே கட்டளையிட்டாலன்றி மென்பொருள் அவற்றைச் சேர்ப்பதில்லை. கட்டளையிட மறந்த மாதிரியில் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளிவருவோர் இல்லை, தேர்த் திருவிழாக் கூட்டம் இல்லை, பிற்பகல் 1.30க்கு ஒரே நேரத்தில் கலையும் பாடசாலைகளின் பிள்ளைகளும் இல்லை. வாகனங்கள் மாத்திரம் வாழும் நகரமொன்று அங்கே இயங்குகின்றது. அத்தகைய நகரில் வீதியை அகலமாக்குவது எப்போதும் நல்ல திட்டமாகவே தெரியும்.

இந்த மென்பொருள் ஜேர்மனியில் பிறந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. வாகனங்கள் வலப்புறமாகச் செல்வதே அதன் இயல்பு. இடப்புறப் போக்குவரத்து என்பது நாம் கேட்டுப் பெற வேண்டிய ஒரு தெரிவு. விளக்கோ பலகையோ இல்லாத சமநிலைச் சந்தியில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிடுவது ஜேர்மனியச் சட்டம். மென்பொருளும் அதனையே அறிந்துள்ளது. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் முன்னுரிமை எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. மூக்கை முதலில் நுழைத்தவருக்கே வழி.

இன்னும் இரண்டு ஏற்பாடுகளைக் குறிப்பிட வேண்டும். சந்திக்கு அப்பால் இடமில்லையெனில் வாகனம் சந்திக்குள் நுழையாது வெளியே காத்திருக்கும் என்பது சுமோவின் வழமையான அனுமானம். ஆமர் வீதிச் சந்தியை மாலை வேளையில் கண்டவர்கள் இதனை வாசித்துப் புன்னகைப்பர். ஒவ்வொரு சந்திக்கும் வழிக்கும் இந்த நற்குணத்தை நீக்கிவிட வசதியுண்டு. ஆனால் நீக்க வேண்டும் எனத் தெரிந்தவரே நீக்குவர். மற்றையது இதனினும் வியப்பானது. ஒரு வாகனம் 300 செக்கன் அசையாது நின்றுவிட்டால், மென்பொருள் அதனைத் தூக்கியெடுத்து, அதன் பயணவழியில் இடமுள்ள ஒரு தூரத்து வீதியில் இறக்கிவிடும். கணிப்பு முழுவதும் முடங்கிவிடாதிருப்பதற்கான ஏற்பாடு அது. ஐந்து நிமிடம் சிக்கியிருந்தால் ஆகாயமார்க்கமாக விடுதலை கிடைக்கும் வரம் புராணங்களில் முனிவர்களுக்கும் எளிதில் வாய்க்கவில்லை! சந்தியின் வடிவம் பிழையாக வரையப்பட்டால் இவ்வாறு மறையும் வாகனங்கள் பெருகும். எத்தனை வாகனங்கள் மறைந்தன என்பதை மென்பொருள் எச்சரிக்கையாகப் பதிவுசெய்கின்றது. அந்த எண்ணைச் சொல்லாமல் சராசரித் தாமதத்தை மாத்திரம் சொல்லும் அறிக்கையை நம்புவதற்கில்லை.

தடத்தை மதித்து ஒருவர் பின் ஒருவராகச் செல்வதும் எமது வீதிகளுக்குப் பொருந்தாத அனுமானமே. முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் தடத்தைப் பார்ப்பதில்லை, இடைவெளியைப் பார்க்கின்றன. சந்தியின் வாயிலில் ஒரு பஸ்ஸின் அருகே மூன்று மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். இந்தியாவிலும் இதே பிரச்சினை எழுந்தது. மும்பை ஐ.ஐ.டி.யினர் சுமோவை அடிப்படையாகக் கொண்டு, தடத்தை ஒடுங்கிய கீற்றுகளாகப் பிரித்து, கலப்புப் போக்குவரத்துக்கென 'சிம்டிராம்' என்னும் வடிவத்தை உருவாக்கினர். சென்னை ஐ.ஐ.டி.யிலும் தடவொழுங்கற்ற போக்குவரத்துப் பற்றிய ஆய்வுகள் நீண்டகாலமாக நடைபெற்று வருகின்றன. இன்று சுமோவிலேயே தடத்தைப் பக்கவாட்டில் நுணுக்கமாகப் பிரிக்கும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் சந்தியின் பல்கோணி பிழையாயின் கீற்றுகளும் பிழையான இடத்திலேயே தொடங்கும். மும்பையினதோ சென்னையினதோ திருத்தம் கொட்டாஞ்சேனையின் மூலையை அளந்து தராது.

மாதிரி சரியானதா எனப் பார்க்கப் பொறியியலாளர்கள் ஒரு சோதனை வைத்துள்ளனர். வீதியில் எண்ணிய வாகனங்களையும் கணினியில் ஓடிய வாகனங்களையும் ஒப்பிடும் 'ஜி.ஈ.எச்.' என்னும் அளவு அது. ஐந்துக்குக் குறைவாயின் நன்று என்பது பிரித்தானிய வழக்கம். மணிக்கு 800 வாகனங்கள் செல்லும் வீதியில் மாதிரி 900ஐக் காட்டினால் அளவு சுமார் 3.4, தேறிவிட்டது. ஆனால் இச்சோதனை எத்தனை வாகனங்கள் சென்றன என்பதையே பார்க்கின்றது. எந்த மூலையில் எந்த வேகத்தில் திரும்பின, யார் எவ்வளவு நேரம் காத்திருந்தனர் என்பதை அது பார்ப்பதில்லை. பல்கோணி முறுக்கிக் கிடக்கும் மாதிரியும் இதில் சித்தியடையக் கூடும் என்பது குறிப்பிடத்தக்கது.

நாம் கணினிக்கு எதிராக வழக்காடவில்லை. காலி வீதியும் ஆர்.ஏ. டி மெல் மாவத்தையும் கொள்ளுப்பிட்டியில் ஒருவழியாகியுள்ளமையால் எந்த பஸ் தரிப்பிடம் யாருக்குத் தூரமாயிற்று என்பதை வெள்ளவத்தை வாசகர்கள் தம் கால்களாலேயே அறிவர். அத்தகைய மாற்றத்தை முன்கூட்டியே பரீட்சித்துப் பார்க்கும் கருவி எமக்கு அவசியம். கொழும்பு வடக்கில் துறைமுகத்துக்குச் செல்லும் கனரக வாகனங்களும், செட்டியார் தெருவுக்கு வரும் வாடிக்கையாளரும், புறக்கோட்டை மொத்த வியாபாரமும், ஐந்து வழிபாட்டுத் தலங்களின் திருநாட்களும் சில ஏக்கர் நிலத்தில் மோதிக்கொள்கின்றன. இதனை மனக்கணக்காகத் தீர்க்க எந்தப் பொலிஸ் அதிகாரியாலும் இயலாது. நாம் கோருவதெல்லாம் கணினிக்குள் வரையப்படும் சந்தி எமது சந்தியாக இருக்க வேண்டும் என்பதே.

அதற்குப் பொதுமக்கள் செய்யக்கூடியவை உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பை எவரும் திருத்தலாம். அனுமதி தேவையில்லை, கட்டணமும் இல்லை. வீதியின் அகலம், தடங்களின் எண்ணிக்கை, கடவை இருக்குமிடம், ஒருவழியா இருவழியா என்பவற்றை அப்பகுதி இளைஞர்களே அளந்து சேர்த்துவிட்டால், நாளை எந்த நிறுவனம் அப்பகுதியை வெட்டியெடுத்தாலும் அத்தகவல் கூடவே செல்லும். கொட்டாஞ்சேனையிலுள்ள பாடசாலைகளின் உயர்தரக் கணித மாணவர்களுக்கு இதனைவிடச் சிறந்த செய்முறைப் பயிற்சி இல்லை எனலாம். அவர்களது பாடநூலில் உள்ள ஆரையும் ஆர்முடுகலும் அவர்களது சந்தியிலேயே இருக்கின்றன.

மற்றையது சட்டத்தின் வழி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பகிரங்க அதிகார சபையொன்றின் வசமுள்ள தகவலைப் பிரஜை எவரும் கோரலாம். ஆமர் வீதியிலோ ஜம்பட்டா வீதியிலோ மாற்றமொன்று அறிவிக்கப்பட்டு, அதற்குக் கணினி ஆய்வே ஆதாரம் எனக் கூறப்படுமாயின், மாநகர சபையிடமோ வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமோ கேட்க வேண்டியது அறிக்கையின் சுருக்கத்தையோ திரைப்படத்தையோ அன்று. வலையமைப்புக் கோப்பையே கேட்க வேண்டும். எந்த நாளில், எந்த மணியில் வாகனங்கள் எண்ணப்பட்டன, பாதசாரிகள் எண்ணப்பட்டனரா, மறைந்த வாகனங்கள் எத்தனை என்பவற்றையும் சேர்த்துக் கேட்கலாம். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் தவிர்த்து எண்ணப்பட்ட கணக்காயின் அது கொட்டாஞ்சேனையின் கணக்கன்று. நோன்பு மாத இரவுகளும் ஜூன் 13ஆம் திகதி அந்தோனியார் திருநாளும் வருடத்தில் சில நாட்களே எனினும், அந்நாட்களில் வீதி எவ்வாறு இயங்கும் என்பதற்குத் தனியான ஓட்டம் ஒன்றேனும் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

சுமோவின் வலையமைப்புக் கோப்பு இரகசிய எழுத்தில் அமைந்ததன்று. சாதாரண எழுத்துக் கோப்பாக எந்தக் கணினியிலும் திறக்கத்தக்கது. அதில் ஒவ்வொரு சந்திக்கும் ஒரு வரி தொடங்கும். பல்கோணியின் உச்சிகள் மீற்றர் கணக்கில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கையால் திருத்தப்பட்ட சந்தியாயின் 'கஸ்டம்ஷேப்' என்னும் சொல்லும் அதனருகே ஒன்று என்ற இலக்கமும் காணப்படும். அச்சொல்லைத் தேடி எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஒரு சந்தியும் அகப்படாவிட்டால், அந்த மாதிரியில் எவரும் கொட்டாஞ்சேனையின் மூலைகளைத் தம் கையால் வரைந்து பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும்.